சீல் உடையாமல் வந்ததா?

நேரில் பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்குகள் பற்றியும் டிஎன்ஏ அறிக்கை பற்றியும் வந்த கடிதங்களில் ஆறை இந்த முறை எடுத்துக்கொண்டேன். 31 வருடமாக உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் மேல்முறையீடு மட்டுமே நடத்தி வருகிறேன். ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் இல்லை. கேஸ் கட்டைப் புரட்டிப் புரட்டித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் கீழ்க்கோர்ட் மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. டிஎன்ஏ அறிக்கையே எதிராக இருந்த பிறகு எப்படி விடுதலை? அறிவியல் பொய் சொல்லுமா?

பதில்: அறிவியல் பொய் சொல்வதில்லை. ஆனால் ஆய்வகம் தன் மேஜைக்கு வந்த பொட்டலத்தைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். அந்தப் பொட்டலம் எங்கிருந்து கிளம்பியது, எத்தனை நாள் யார் கையில் இருந்தது, நடுவில் யாராவது திறந்தார்களா என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது புலன் விசாரணை அதிகாரி. அவர் சொல்லவில்லை என்றால் 'பொருந்துகிறது' என்ற வார்த்தைக்கு அடியில் தரையே இல்லை.

ஒரு மேல்முறையீட்டுக் கட்டு வந்ததும் எல்லாரும் ஆய்வக அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள், முடிவு அங்கே இருப்பதால். நான் முதல் பத்தியில் ஆரம்பிப்பேன். எத்தனை பொட்டலம் வந்தது, துணியா காகித உறையா, எத்தனை சீல், சீலில் என்ன எழுத்து, அனுப்பிய மாதிரி சீலோடு ஒத்துப்போனதா, எந்தத் தேதியில் யார் கொண்டுவந்து கொடுத்தார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு, பறிமுதல் மகஜர், மாதிரி எடுத்த டாக்டரின் சாட்சியம், பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பிய ஃபார்ம் 91, மாஜிஸ்திரேட் ஆய்வகத்துக்கு எழுதிய கடிதம், கொண்டுபோன காவலரின் சாட்சியம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதன் எதிரே வைத்துப் பார்ப்பேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கொலை மேல்முறையீட்டில் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகஜரில் 'ரத்தக்கறை படிந்த நீலக் கட்டம் போட்ட கைலி' என்று இருந்தது. ஆய்வக அறிக்கையில் 'பழுப்பு நிறக் கைலி'. டைப் செட் அடித்தவரின் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். மூலப் பிரதியை வரவழைத்துப் பார்த்தால் அதிலும் அப்படியே. அப்புறம் தேதிகளுக்குப் போனேன். டாக்டர் ரத்தம் எடுத்தது ஒரு மாதத்தின் 3-ஆம் தேதி. அது ஆய்வகத்துக்குப் போனது அடுத்த மாதம் 14-ஆம் தேதி. நடுவில் 41 நாள். விசாரணைக் கோர்ட்டில் இதைக் கேட்டபோது தலைமைக் காவலர் ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தார்: "நிலையத்தில் பீரோவில் இருந்தது." சாவி யாரிடம்? "அன்றைக்கு டூட்டியில் இருப்பவரிடம்." குறுக்கு விசாரணையில் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு பதிலே போதுமானதாக இருந்தது. குளிரில் வைக்க வேண்டிய ரத்தக் குப்பி, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு பீரோவில் 41 நாள் இருந்திருக்கிறது. உயர் நீதிமன்றம் டிஎன்ஏ அறிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற சாட்சியங்களைப் பார்த்தது. மிச்சம் இருந்தது தண்டனைக்குப் போதவில்லை.

சுருளி வழக்கிலும் அடிப்படைச் சிக்கல் இந்த மாதிரிதான். மாதிரிகள் எடுத்ததிலிருந்து ஆய்வகம் போகும் வரை ஒவ்வொரு கையும் பதிவாகவில்லை, தாமதத்துக்கு விளக்கம் இல்லை, கலப்பு நேர்ந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. இத்தோடு விடாமல், நாடு முழுவதற்கும் பொருந்தும்படி சில கட்டளைகளையும் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பிலேயே போட்டது. பரீட்சைக்காக இல்லாவிட்டாலும் நீங்கள் அவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரி எடுக்கும்போதே வழக்கு எண், தேதி, சட்டப் பிரிவு, காவல் நிலையம், அதிகாரியின் விவரம் எல்லாம் எழுதி டாக்டரும் அதிகாரியும் தனிச் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகத்தில் இருக்க வேண்டும். முடியவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். விசாரணையோ மேல்முறையீடோ நிலுவையில் இருக்கும்போது கோர்ட் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைத் திறக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது. எடுத்த நாள் முதல் வழக்கு முடியும் நாள் வரை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும், அது வழக்கு ஆவணத்தோடு சேர வேண்டும். என் கட்சிக்காரருக்குத் தேவைப்பட்ட பதிவேடு இதுதான். அப்போது அப்படி ஒன்று இல்லை.

உங்கள் கேள்வியில் இன்னொரு பாதியும் இருக்கிறது. பொட்டலம் ஒழுங்காகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 'பொருந்துகிறது' என்றால் என்ன அர்த்தம்? முழு மாதிரி கிடைத்து, டிஎன்ஏ-வில் இருபது இடங்களுக்கு மேல் ஒப்பிட்டுப் பொருந்தினால் தற்செயலாக இன்னொருவருக்கு அப்படி அமையும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அழுகிய உடலிலிருந்தும் பலர் கைபட்ட பொருளிலிருந்தும் எடுக்கும்போது நிலைமை வேறு. சில இடங்கள்தான் படிக்கக் கிடைக்கும், அல்லது இரண்டு மூன்று பேருடையது கலந்திருக்கும். அப்போது 'பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி இருக்கும்' என்று நிபுணர் சொன்னால், 'அப்படியானால் இவர் நிரபராதியாக இருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்' என்று கேட்பவர் காதில் விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. பத்து லட்சத்துக்கு ஒருவர் என்றால் 72 பேர். அந்த 72 பேரில் இவர்தான் என்று சொல்ல டிஎன்ஏ-வைத் தவிர வேறு சாட்சியம் வேண்டும்.

கலப்பு என்பது கற்பனை பயம் இல்லை. ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரத்தில் 2007-இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த அதே பெண் டிஎன்ஏ ஆஸ்திரியா, பிரான்ஸ் வரை சம்பந்தமே இல்லாத பல குற்றங்களில் கிடைத்தது. வருடக்கணக்கில் அந்தப் பெண்ணைத் தேடினார்கள். 2009-இல்தான் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணுடைய டிஎன்ஏ என்று. குச்சியில் கிருமி இல்லை, ஆனால் டிஎன்ஏ இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு டிஎன்ஏ மேல் நம்பிக்கை இழந்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷரில் 1980-களில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில் ஒரு 17 வயதுப் பையன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டே விட்டான். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த டிஎன்ஏ முறைதான் அவன் செய்யவில்லை என்று காட்டியது. உண்மையான கொலையாளி காலின் பிட்ச்ஃபோர்க் 1988-இல் தண்டிக்கப்பட்டான். கொலை விசாரணைக்குள் வந்த டிஎன்ஏ முதலில் காப்பாற்றியது ஒரு நிரபராதியை.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமைக் காவலர்): வெயில் மழை பார்க்காமல் ஓடி நாங்கள் தடயம் சேகரிக்கிறோம். ஒரு கையெழுத்து இல்லை, இரண்டு நாள் தாமதம் என்று சொல்லி உங்களைப் போன்ற வக்கீல்கள் குற்றவாளியை வெளியே கொண்டுவருகிறீர்கள். மனசாட்சி உறுத்தவில்லையா?

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அரக்கு சீல் வைத்த பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் உட்கார்ந்துபோய் ஆய்வகத்தில் சேர்த்தேன் என்று கூண்டில் சொன்ன காவலர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல்களுக்குக் கேட்க எதுவும் இருந்ததில்லை. போன தேதி, வந்த தேதி, ஆய்வகத்தின் ரசீது எல்லாம் கையில் இருக்கும்.

இரண்டு நாள் தாமதத்துக்காகவே எந்த நீதிமன்றமும் யாரையும் விடுவித்து நான் பார்த்ததில்லை. புலன் விசாரணையில் குறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விடுதலை கிடையாது என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. பிரச்சினை தாமதத்தில் இல்லை. கேட்டால் பதில் இல்லாத தாமதத்தில்தான் இருக்கிறது.

டெல்லி சாவ்லா வழக்கை நினைத்துப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் 19 வயதுப் பெண்ணைக் காரில் கடத்திக் கொன்ற கொடூரம். மூன்று பேருக்கு மரண தண்டனை. 2022 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. மாதிரிகள் எடுத்தது பிப்ரவரி 14, 16 தேதிகளில். ஆய்வகத்துக்குப் போனது 27-ஆம் தேதி. அதுவரை காவல் நிலையப் பொருள் அறையில் இருந்தன. யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள் என்று உறுதி சொல்ல முடியவில்லை. டிஎன்ஏ முடிவுக்கு அடிப்படை என்ன, முறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதை விசாரணை நீதிமன்றமும் பார்க்கவில்லை, உயர் நீதிமன்றமும் பார்க்கவில்லை என்று தீர்ப்பு சொன்னது. பத்து வருடம் கோர்ட் படியேறிய அந்தப் பெண்ணின் பெற்றோரைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் மனசாட்சியைக் கேட்டீர்கள். மேலே சொன்ன கைலி வழக்கில் இறந்தது ஓர் அம்மா. அவர் பிள்ளைகள் தீர்ப்பு நாளில் கோர்ட் வராண்டாவில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. அது எனக்கு உறுத்துகிறது, மறைக்கவில்லை. ஆனால் பதிலைக் கெடுத்தது என் வாதம் இல்லை ஐயா, அந்த 41 நாள். பொட்டலம் மறுநாளே போயிருந்தால் இரண்டில் ஒன்று தெரிந்திருக்கும். என் கட்சிக்காரர் செய்திருந்தால் மாட்டியிருப்பார், செய்யவில்லை என்றால் ஆறு வருடம் முன்பே வீட்டுக்குப் போயிருப்பார்.

உங்களுக்குப் பின்னால் வந்தவர்களிடம் நீங்கள் பேசக்கூடியவர் என்பதால் ஒரு வேண்டுகோள். ஈரமான ரத்தத் துணியை அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டக் கூடாது, புழுங்கிக் கெட்டுவிடும் என்று சொல்லுங்கள். நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வைக்க வேண்டும். இறந்தவரின் சேலையையும் பிடிபட்டவரின் சட்டையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோனதை என் கண்ணாலேயே மகஜரில் படித்திருக்கிறேன். அதற்கப்புறம் எந்த ஆய்வகம் என்ன சொன்னாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேள்வி: இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் குற்றம் செய்தால் டிஎன்ஏ பிரித்துக் காட்டுமா?

பதில்: ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையர் என்றால் வழக்கமான சோதனை பிரித்துக் காட்டாது. கைரேகை காட்டும், அது இருவருக்கும் வேறு வேறு. வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த இரட்டையர் என்றால் சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான், சிக்கல் இல்லை.

கேள்வி: போலீஸ் ரத்தம் எடுக்க வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கலாமா? தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறதே?

பதில்: அரசியல் சட்டம் 20(3) காப்பது வாயிலிருந்து வரும் சொல்லை. கைரேகை, கையெழுத்து மாதிரி எடுப்பது அதில் வராது என்று 1961-லேயே 11 நீதிபதிகள் அமர்வு காத்தி காலு வழக்கில் சொல்லிவிட்டது. ரத்தமும் அந்த வழியில்தான். பதிவுபெற்ற மருத்துவர் எடுக்க வேண்டும், நியாயமான அளவு பலம் பயன்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 53, 53ஏ என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 51, 52 பிரிவுகள். மருந்து கொடுத்துப் பேச வைக்கும் நார்கோ, பொய் கண்டறியும் பாலிகிராஃப் சோதனைகள் வேறு. அவற்றுக்குச் சம்மதம் கட்டாயம் என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

கேள்வி: டிஎன்ஏ சோதனையே செய்யவில்லை என்றால் கொலை வழக்கு மேல்முறையீட்டில் நிற்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. நம் ஊர் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கே இதற்கு உதாரணம். 2001-இல் நடந்த, சரவண பவன் ராஜகோபால் தண்டிக்கப்பட்ட சாந்தகுமார் கொலை. கொடைக்கானல் மலைக்காட்டில் கிடைத்த உடலை அடையாளம் தெரியாதது என்று புதைத்துவிட்டார்கள். பிறகு தோண்டியெடுத்து, மண்டையோட்டையும் புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் சோதனை செய்தார்கள். டிஎன்ஏ சோதனை செய்யாதது அரசுத் தரப்பின் பெரிய ஓட்டை என்று மேல்முறையீட்டில் வாதிட்டார்கள். 2019 மார்ச்சில் பட்டு ராஜன் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டிஎன்ஏ-வும் நிபுணர் கருத்துதான், அதன் எடை வழக்குக்கு வழக்கு மாறும், மற்றச் சாட்சியங்களும் மண்டையோட்டுச் சோதனையும் சேர்ந்து உடல் யாருடையது என்பதை நிரூபித்துவிட்டன என்று சொல்லி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. இருந்தால் பலம், இல்லாவிட்டால் தானாக விடுதலை இல்லை. ஆனால் எடுக்க வசதி இருந்தும், எளிதாகக் கிடைத்திருக்கும்போதும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது எதிர்த்தரப்பின் உரிமை. அதைக் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற வாசகி): என் தம்பிக்கு அவன் மாமனாரைக் கொன்றதாக ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. சாயங்காலம் இருவரும் சேர்ந்து போனதைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். சொத்துத் தகராறு இருந்தது உண்மை. தம்பியின் சட்டையில் இருந்த ரத்தம் மாமனாருடையது என்று டிஎன்ஏ அறிக்கை. ஆனால் ராத்திரி அவர் விழுந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே தம்பிதான். தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா படுத்த படுக்கை. என்ன செய்வது என்றே தெரியவில்லை.

பதில்: அம்மா, முதலில் நாள் கணக்கு. செஷன்ஸ் கோர்ட் கொடுத்த ஆயுள் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் உண்டு. தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாள் அதில் சேராது. தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும், தம்பியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் தயங்க வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

இப்போது வழக்கு. நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் தண்டிக்கவே முடியாது என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். சந்தர்ப்ப சாட்சியத்தை வைத்துத் தண்டிக்கலாம், மரண தண்டனையே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கான அளவுகோல் கடுமையானது. 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஐந்து விதிகளை இன்றும் ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் படிக்கிறோம். மனைவியை சயனைடு கொடுத்துக் கொன்றதாகக் கணவருக்குக் கீழ்க்கோர்ட் மரண தண்டனை கொடுத்து, உயர் நீதிமன்றமும் உறுதி செய்த வழக்கு அது. தற்கொலையாக இருக்கவும் இடம் இருக்கிறது என்று சொல்லி அவரை விடுவித்தார்கள். விதிகளின் சாரத்தை உங்கள் தம்பி வழக்கை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு சந்தர்ப்பமும் தனித்தனியாக நிரூபணம் ஆகியிருக்க வேண்டும். 'நடந்திருக்கலாம்' போதாது, 'நடந்தே இருக்க வேண்டும்' என்ற அளவுக்கு. எல்லாம் சேர்ந்து தம்பிதான் செய்தான் என்ற முடிவுக்கு மட்டும் பொருந்த வேண்டும், வேறு நியாயமான விளக்கத்துக்கு இடமே இருக்கக் கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தக் கண்ணியின் இடத்தில் அதை வைக்க முடியாது.

கடைசியாக உயிரோடு சேர்ந்து பார்த்த சாட்சியை எடுத்துக்கொள்வோம். எத்தனை மணிக்குப் பார்த்தார்? போஸ்ட்மார்ட்டம் டாக்டர் இறந்த நேரம் என்ன சொன்னார்? நடுவில் இடைவெளி குறைவாக இருந்தால்தான் அந்தச் சாட்சியத்துக்கு வலு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்து, மரணம் ராத்திரி பத்துக்கு மேல் என்றால் நடுவில் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அந்தச் சாட்சி போலீஸிடம் முதன்முதலில் எப்போது சொன்னார் என்பதையும் பாருங்கள். மறுநாளே சொன்னாரா, பத்து நாள் கழித்தா? சொத்துத் தகராறு மறைக்க வேண்டியது இல்லை. காரணம் இருப்பது ஒரு கண்ணி, அவ்வளவுதான்.

சட்டை விஷயத்தில் வக்கீல்கள் பெரும்பாலும் செய்யும் தவறை உங்கள் வக்கீல் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ அறிக்கை பொய் என்று வாதாட வேண்டாம். அது உண்மையாகவே இருக்கட்டும். அடிபட்டவரைத் தூக்கினவன் சட்டையில் அவருடைய ரத்தம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிஎன்ஏ யாருடையது என்று சொல்லும். எப்போது பட்டது, எப்படிப் பட்டது என்று சொல்லாது. கலிஃபோர்னியாவில் 2012-இல் ஒரு கொலையில் இறந்தவரின் நகத்தில் கிடைத்த டிஎன்ஏ-வை வைத்து ஒருவரை மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் சுயநினைவில்லாமல் கிடந்தார். அவரைக் கவனித்த அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பிறகு கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். அவர்கள் வழியாக அது இறந்தவரிடம் போயிருக்கிறது.

ஆகவே ஐந்து காகிதங்களைத் தேடுங்கள். ஒன்று, ஆஸ்பத்திரியின் ஏஆர் காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். அடிபட்டு வருகிறவர் பெயருக்குக் கீழே, யார் அழைத்துவந்தார் என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு, ஆட்டோ ஓட்டியவரைச் சாட்சியாக விசாரித்தார்களா, போலீஸிடம் அவர் கொடுத்த வாக்குமூலம் என்ன என்பது. மூன்று, சட்டையைக் கைப்பற்றிய மகஜர். ரத்தம் சட்டையில் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறார்களா? தோளிலும் மார்பிலும் அப்பிய மாதிரி இருப்பது வேறு, முன்பக்கம் முழுக்கத் துளித்துளியாகத் தெறித்திருப்பது வேறு. நான்கு, ஆய்வக அறிக்கையும் சட்டை அங்கே போன தேதியும். ஐந்து, கடைசியில் நீதிபதி தம்பியிடம் நேரடியாகக் கேள்வி கேட்டுப் பதிவு செய்திருப்பார், பழைய 313-ஆம் பிரிவு. ரத்தத்தைப் பற்றிக் கேட்டபோது தம்பி என்ன சொன்னான்? 'தெரியாது' 'பொய்' என்று மட்டும் சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் கஷ்டம். 'நான்தான் தூக்கினேன்' என்று சொல்லியிருந்தால் அந்த விளக்கத்தைத் தீர்ப்பில் நீதிபதி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் விட்டிருந்தால் மேல்முறையீட்டில் முதல் வாதம் அதுதான்.

ஏஆர் காப்பியைக் கோர்ட்டில் சாட்சிய ஆவணமாகக் குறியிடவே இல்லை என்றாலும் மனதை விட்டுவிட வேண்டாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் தேவையென்று கருதினால் கூடுதல் சாட்சியம் எடுக்கலாம். பழைய சட்டத்தில் 391, இப்போது 432. உயர் நீதிமன்றம் வெறும் சட்டக் கேள்வியை மட்டும் பார்க்கும் இடம் இல்லை. முதல் மேல்முறையீட்டில் முழுச் சாட்சியத்தையும் புதிதாக எடைபோடும் கடமை அதற்கு உண்டு. தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் அதோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள். ஆயுள் தண்டனையில் அது சுலபமாகக் கிடைக்காது, ஆனால் கேட்காமல் இருக்கக் கூடாது.

வக்காலத்தில் தம்பி கையெழுத்துப் போட வேண்டும், சிறை அதிகாரி மேலொப்பம் இட வேண்டும். அடுத்து சிறையில் தம்பியை மனு பார்க்கும் நாளிலேயே அதைக் கொண்டுபோங்கள். அதற்கு முன்னால் ஏஆர் காப்பியில் அந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அடுத்த இதழ் வரை காத்திருக்காமல் உடனே பதில் போடுகிறேன்.